சிங்குக்கு அடியில்

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். துடைக்கக் கை இல்லை. ஒரு கை குழாயைத் தாங்கியிருந்தது. மற்றதில் ஸ்பேனர்.

சமையலறை சிங்குக்கு அடியில் தலையும் தோளும் மட்டும்தான் நுழைந்தன. மீதி உடம்பு ஈரத் தரையில் கிடந்தது.

நட்டு கழன்றது. வளைந்த குழாய் கையோடு வந்தது. உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று அடைத்திருந்தது. கம்பியை விட்டு இழுத்தார். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, தேங்காய் நார், டீத்தூள்.

இரண்டே பேர் தின்றதின் மிச்சம்.

காலையில் ஹார்டுவேர்ஸ் கடைக்காரர் வாஷரை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பிளம்பரக் கூப்பிடுங்க சார். கீழ படுக்கறது பெரிசில்ல. எந்திரிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

ஆள் இருக்கத்தான் செய்தது. அடுப்பருகே நின்றது. கீழே இருந்து பார்த்தால் மனைவியின் கால்கள் மட்டும் தெரிந்தன. மெட்டி. ஈரமான சேலைக் கரை.

மகள் கோதையின் கல்யாணத்துக்கு அவள் தனியாகத்தான் போய் வந்தாள். பையன் நம்ம ஆள் இல்லை என்று அவர் போகவில்லை.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசுவதில்லை.

ஒரே ஒரு வாக்கியம் தவிர.

"வாளி நெறஞ்சிருச்சு."

சிங்க் ஒழுக ஆரம்பித்த பிறகு வந்த வாக்கியம் அது. சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்ததும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவர் எழுந்து வருவார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் ஊற்றுவார். காலி வாளியைத் திரும்பவும் சிங்குக்கு அடியில் வைப்பார்.

அவ்வளவுதான் பேச்சு.

ஒழுகுவதை நிறுத்திவிட்டால் வேறு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். சரியாப் போச்சா என்றாவது.

புது வாஷர் போட்டார். நட்டை இறுக்கினார். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டார்.

எழுந்திருப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சுவரைப் பிடித்தார், சறுக்கினார், மறுபடி பிடித்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அடியில் ஒரு சொட்டு இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தாள்.

திரும்பி வந்து மீதி அரிசியைக் களைந்தாள்.

சாயங்காலம் பாத்திரச் சத்தம் ஓய்ந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சிங்க் நன்றாக இருந்தது.

மின்விசிறிக்கு இவ்வளவு சத்தமா என்று அண்ணாந்து பார்த்தார். ஒருமுறை ஸ்பேனர் இருந்த அலமாரி வரைக்கும் போனார். வெட்கமாக இருந்தது. திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரல் வந்தது.

"வாளி நெறஞ்சிருச்சு."

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தயங்கி, எழுந்து போனார்.

வாளி பழைய இடத்தில் இருந்தது. ததும்பியது.

குனிந்து கையை விட்டுப் பார்த்தார். நட்டு தளர்ந்திருந்தது. டியூப் நாடா அறுந்துபோகவில்லை. முடிச்சை அவிழ்த்து, பட்டையாக மடித்து, ஓரமாக வைத்திருந்தது.

கோதை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுடைய ரிப்பனை அம்மாக்காரி அப்படித்தான் மடித்து வைப்பாள்.

அவர் வாளியைக் கொண்டுபோய் ஊற்றினார். கொண்டுவந்து வைத்தார்.

பிறகு மெல்லச் சரிந்து, மல்லாந்து, தலையை உள்ளே விட்டார். ஸ்பேனரை எடுத்து வரவில்லை.

மேலே அவள் குழாயைத் திறந்தாள். கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. துடைக்கவில்லை.

முகம் தெரியாத அந்த இடத்திலிருந்து கேட்டார்.

"கோதை எப்படி இருக்கா?"

குழாய் நின்றது.

மெட்டிக் கால்கள் அங்கேயே இருந்தன.

முதலில் சேலைக் கரை தரையைத் தொட்டது. பிறகு அவளுடைய முழங்கால்.