அட்டையைக் கிழிக்காதீங்க

இடுப்பில் ஆணி இறக்கியதுபோல் வலித்தது. நாலாவது சோலார் பேனலையும் சுமந்து மொட்டை மாடியில் இறக்கியபோது எலக்ட்ரீஷியனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டித் தண்ணீர் வழிந்து, புறா எச்சம் காலடியில் கூழாக ஊறி நாறியது.

வீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக் கதவோரமே நின்றார். ஒரு கை பிடிக்க வரவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"அட்டையைக் கிழிக்காதீங்கப்பா! டேப்பை மெதுவா உரிங்க. தெர்மாகோலும் உடையக்கூடாது."

"பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டா பஸ்சுக்குக்கூட ஆகாது சார்," என்றான் கூட வந்த வெல்டர்.

"எனக்கு வேணும்யா. அப்புறம், தளத்துல ஓட்டை கீட்டை போட்டுடாதீங்க, ஒழுகும். சும்மா கல்லு மேல நிறுத்துங்க, போதும்."

அவர் தலை மறைந்ததும் வெல்டர் குனிந்து முணுமுணுத்தான். "அட்டையை வித்துக் கோட்டை கட்டப் போறான் பாருண்ணே."

எலக்ட்ரீஷியன் காறித் துப்பினார். காலையிலிருந்து அந்த வீட்டில் 'தண்ணி குடிக்கிறியா' என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஒயரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பேட்டரி வைக்கச் சொல்லியிருந்தது வீட்டுக்காரரின் அம்மா படுத்திருக்கும் அறையில். கதவைத் திறந்ததும் மூத்திர வாடை முகத்தில் அடித்தது. பல நாளாக மாற்றாத விரிப்பு. கட்டிலுக்கடியில் காய்ந்த தட்டில் எறும்பு மொய்த்தது.

அந்த அம்மாளின் மூக்கில் குழாய் இருந்தது. தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"போன வாரம் கரண்ட் போயிடுச்சுப்பா," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. "இது நின்னுடுச்சு. உதடெல்லாம் நீலமாயிடுச்சாம். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆம்புலன்ஸைக் கூப்பிடலேன்னா அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன்."

"இனிமே நிக்காதும்மா."

"மறுநாளே போய்ப் பணம் கட்டிட்டான் என் பையன். என் வீட்டு மேல சூரியனையே பிடிச்சுக் கட்டறான் பாரு!" சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. "உனக்கு ஒரு டீ போட்டுக் குடுக்க வக்கில்லாமக் கெடக்கறேன்."

"கடனா இருக்கட்டும்மா. நீங்க எழுந்து நடமாடறப்ப வந்து வாங்கிக்கறேன்."

எலக்ட்ரீஷியனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அட்டைக்கு அழுகிறவன்தான், ஆனால் அம்மாவின் மூச்சுக்கென்று இவ்வளவு பெரிய தொகையைக் கொட்டியிருக்கிறானே. அவனைப் போய்த் துப்பினோமே.

சாப்பிடக்கூடப் போகாமல் இருவரும் வேலையை முடித்தார்கள். எலக்ட்ரீஷியன் சோதித்துப் பார்க்க மெயினை அணைத்தார். தெருக் கரண்ட்டில் ஓடிய மற்ற அறைகளின் விளக்கும் விசிறியும் நின்றன. மெஷின் மட்டும் நிற்கவில்லை. போர்வைக்குள் அந்த நெஞ்சு ஏறி இறங்கியது.

வீட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தார். "நடுவுல நின்னுடாதில்ல? நாலஞ்சு நாளைக்கு நம்பலாமா?"

"நாலஞ்சு நாளா?" எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். "வருஷக்கணக்கா ஓடும் சார்."

வாசலில் சாமான் பையைக் கட்டும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கூடத்துச் சுவரோரம் அட்டைப்பெட்டிகள் மூலை நசுங்காமல் அடுக்கியிருந்தன.

"பத்து நாளுக்குள்ள திருப்பிக் குடுத்தா முழுக் காசும் வந்துடும்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க," என்றார் தணிந்த குரலில். "பெட்டி கிழியாம இருக்கணுமாம். பாத்துக்கங்க, ஒண்ணும் கிழியலை."

"எதுக்கு சார் திருப்பணும்? நல்லாத்தானே ஓடுது?"

"திங்கக்கிழமை வரைக்கும் ஓடினாப் போதும். அன்னிக்குப் பத்திர ஆபீஸ்லேருந்து வீட்டுக்கே வர்றாங்க. வீட்டை என் பேருக்கு எழுதி அம்மா கையெழுத்துப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது. மறுநாளே கழட்டிடலாம்."

"அதுக்கப்புறம் கரண்ட் போனா?"

"போனாப் போகட்டும்."

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த முடிச்சு அப்படியே நின்றது. வீட்டுக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "அப்ப செவ்வாக்கிழமை காலைல வந்துடுங்க!"

உள்ளேயிருந்து, மெஷின் இரைச்சலுக்கு மேலே அந்த அம்மாளின் குரல் தேய்ந்து வந்தது.

"செவ்வாக்கிழமை வர்றியாப்பா? எப்பிடியாவது எழுந்துடறேன். உனக்கு ஒரு டீ பாக்கி இருக்கு."