குலவைக்குப் பழுக்கும் காபி

தாண்டிக்குடித் தோட்டத்தில் அறுவடையன்று பெண்கள் குலவை போடுவது வழக்கம். அந்தச் சத்தம் கேட்டாலே பழுக்கவைக்கும் மரபணு விழித்துக்கொள்ளும் காபிச் செடிகளாகப் பார்த்து நட்டிருந்தார் மேனேஜர் ஜெயசிங். கல்யாணத்துக்கும் குலவை போடுவார்கள் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

பழம் பறிக்கும் வீராயியின் மகளுக்குத் தாலி ஏறியது. நாற்பது பெண்கள் குலவை போட்டார்கள். பந்தி முடிவதற்குள் பச்சைக் காயெல்லாம் சிவந்துவிட்டது. விட்டால் மறுநாளே உதிர்ந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரும் பட்டுச் சேலையும் வேட்டியுமாக இறங்கிப் பறித்தார்கள்.

ஜெயசிங் வியர்வையைத் துடைத்தார். "இந்தத் தோட்டத்துல யாருமே கேக்காத சத்தம் ஒண்ணு சொல்லு வீராயி. அதுக்கு மாத்திடறேன்."

வீராயி கூடையை இறக்கி வைத்தாள்.

"'நல்லாப் பறிச்சீங்கம்மா'ன்னு நீங்க சொல்ற சத்தத்த வைங்க சார். தப்பித் தவறிகூட ஒண்ணும் பழுக்காது."