கேமராவுக்கு மறைத்த மரம்

பட்டப்பகலில் செயினை அறுத்துக்கொண்டு பைக் பறந்துவிட்டது. தெரு கூடி, "குரைக்காத நாய் எதுக்கு? நாய் பிடிக்கிற வண்டிக்குப் போன் போடு!" என்று தெருநாய் கருவாயன் மேல் பாய்ந்துவிட்டுக் கலைந்தது.

கருவாயன் கம்பத்துக் கேமராவைப் பார்த்துக் கத்தியது. "நீ என்னத்தடா கிழிச்ச?"

"நான் எல்லாத்தையும் தெளிவாப் பாத்தேன்."

"பாப்படா! உனக்கு மறைக்குதுன்னுதானே புங்கமரத்த வெட்டினாங்க? அந்த நிழல்ல இஸ்திரி வண்டி நின்னுச்சு, ஆட்டோக்காரனுங்க சீட்டு ஆடினானுங்க. அப்ப எந்தத் திருடனாவது உள்ள வந்தானா? இப்ப இந்த வெயில்ல யார் நிக்கிறா? நானே சாக்கடைக்குள்ளதான் படுத்திருந்தேன்."

கேமரா கொஞ்சம் யோசித்தது. "வெட்டின கட்டையில தளிர் விட்டிருக்கு பாரு. வளந்தா மறுபடி மறைக்கும். அதைக் கடிச்சுத் துப்பிடு. நாய் வண்டி முனை திரும்புறப்பவே உனக்குச் சொல்லிடுறேன், ஓடிரலாம்."

கருவாயன் போய்த் தளிரை மோந்து பார்த்தது.

நாய் வண்டி முனை திரும்பியது. கேமரா வாயே திறக்கவில்லை. கருவாயனும் திரும்பிப் பார்க்கவில்லை. தளிரை மேய வந்த ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தது.