கைடோட பொண்ணு

"எங்களுக்குக் குழந்தையே இல்லைங்களே," என்றாள் கைடின் மனைவி.

மருந்துக்கடைக்காரரின் மனைவி பிடித்திருந்த அவள் கையை அப்படியே விட்டுவிட்டாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளைப் படகுத்துறை வாசலில் பார்த்ததும் வலியப் போய், "உங்க பொண்ணை நினைச்சு ராத்திரி பூரா தூக்கமே இல்லைம்மா" என்று துக்கம் விசாரித்ததற்குத்தான் இந்தப் பதில்.

வந்தவள், ஆள் மாறிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போல. சாப்பாட்டுப் பையை டிக்கெட் ஜன்னலில் கொடுத்துவிட்டு, பஸ் வருகிறதென்று ஓடிவிட்டாள்.

சுற்றுலா வந்து இறங்கியதிலிருந்தே அந்த ஊர் மருந்துக்கடைக்காரர் குடும்பத்தைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. லாட்ஜில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர். தாரில் செருப்பு ஒட்டியது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஆற்றுச் சேற்றில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, ஊர்க்காரர்கள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க தெரு நாய்க்குப் பதிலா இதைத்தான் விட்டிருக்காங்க மாமா," என்றான் மைத்துனன்.

முந்தின நாள் படகில் ஏறியதும் அவன்தான் முதலில் தண்ணீரில் கையை விட்டான். 'கையை வெளியே நீட்டாதீர்' என்று சிவப்பில் எழுதிய பலகையில் தன் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து கைகள் தண்ணீருக்குப் போயின. அந்தப் புழுக்கம் அப்படி.

படகின் முன்னால் நின்ற கைடு அதட்டவில்லை.

"தம்பி, என் பொண்ணும் இப்படித்தான் கையை விட்டா. எட்டு வயசு. இதே இடம்தான்."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைத்துனன் நெருப்பைத் தொட்டவன்போலக் கையை இழுத்துக்கொண்டான். கரை திரும்பும்வரை ஒருவர் கையும் மடியை விட்டு நகரவில்லை.

மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். எஞ்சினைப் பிடித்திருந்த படகோட்டி எங்கேயோ வெறித்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்க்கிறவன் அழுகிறான், இந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

இப்போது பார்த்தால், அழுதவன் பச்சைப் பொய்யன்.

"ஆத்துல கிடக்கிறது மட்டும்தான் முதலைன்னு நினைச்சேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். இல்லாத பிள்ளையைச் சாகடித்துக் காட்டி ஒருவன் பிழைப்பு நடத்துவான் என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. விடுவிடுவென்று துறைக்குள் இறங்கினார்.

அடுத்த படகு ஆள் ஏறிப் புறப்படத் தயாராக இருந்தது. கைடு கரையில் நின்றிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் விஷயத்தை நேராகப் போட்டு உடைத்தார். முதலாளியிடம் சொல்லி வேலையைப் பறிக்காமல் விடப்போவதில்லை. அதற்கு முன்னால், இதோ, படகில் இருக்கிறவர்களுக்கும் இவன் யோக்கியதை தெரியட்டும்.

கைடுக்கு முகம் வெளிறிப்போனது. மருந்துக்கடைக்காரரின் கையைப் பிடித்து டிக்கெட் அறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஆபீஸ்ல சொல்லுங்க சார். வேலை போனாப் போகட்டும். படகுல மட்டும் சொல்லாதீங்க."

"ஏன், மானம் போயிடுமோ?"

"எனக்கில்ல சார்." கைடு குரலைத் தாழ்த்தினார். "செத்தது படகோட்டியோட பொண்ணு."

மருந்துக்கடைக்காரர் படகின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"போர்டைப் பார்த்து யாரும் கையை எடுக்கிறதில்ல. ஒரு பொண்ணு செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் எடுக்கிறாங்க. முதல்ல அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். உடனே, யாரோட பொண்ணுன்னு கேட்பாங்க. எப்படியோ தெரிஞ்சுடும். படகு மொத்தமும் பின்னால திரும்பும். சிலபேர் அவரை போட்டோ எடுப்பாங்க."

துறையில் எஞ்சின் உறுமியது. கைடு தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"இப்ப எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க சார். அவர் பாட்டுக்குப் படகை ஓட்டிட்டு வர்றார்."