பதிவேட்டில் இல்லாத முதுகு

"வண்டி கவுந்த அன்னைக்கே முதுகு போயிடுச்சுங்கிற. அப்புறம் ஏன் நோயாளிப் பதிவேட்டுல உன் பேரு இல்ல?"

மேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ராணுவத்தை விட்டுப் பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் பார்வைக்கு ஓய்வு கிடைத்திருக்கவில்லை. அவரிடம் டிரைவராக இருந்தவர் நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் முதுகு இழுக்கும். தவிர, மேஜருக்கு முன்னால் சாய்ந்து பழக்கமும் இல்லை.

ஊன ஓய்வூதியம் கேட்டு டிரைவர் போட்ட மனு, பணியின்போது ஏற்பட்ட பாதிப்பு என்பதற்குச் சான்று இல்லை என்று திரும்பி வந்திருந்தது. மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான் கெடு. அன்று லாரியில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மேஜர் ஒருவர்தான். அவர் ஒரு சாட்சிக் கடிதம் எழுதினால் போதும்.

"நீங்கதானே சார் யாரும் அதுல பேரு எழுதக் கூடாதுன்னீங்க. வருஷம் முழுக்க ஒருத்தனும் படுக்கலைன்னா கோப்பை நம்ம யூனிட்டுக்குன்னு."

"கோப்பை கெடச்சுதா இல்லையா?"

"கெடச்சுது சார். முதுகுதான் கெடைக்கல."

மேஜர் சிரிக்கவில்லை. எதிரே இருந்த தாளில் ஏதோ எழுதினார். டிரைவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"அடுத்த மாசமே மலைப் பயிற்சியில யூனிட்டே நடந்துச்சு. நீயும் நடந்த. முதுகு போனவன் எப்படிய்யா நடப்பான்?"

"மாத்திரையைப் போட்டுக்கிட்டு நடந்தேன் சார். வரலைன்னு சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

அதையும் எழுதிக்கொண்டார்.

"வயசானா எல்லாருக்கும்தான் வலிக்கும். உனக்கு மட்டும் என்ன தனியா?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. மனுவைத் தள்ளியவர்கள்கூட இப்படித் துருவவில்லை. சாட்சி கேட்டு வந்தவனுக்குக் குறுக்கு விசாரணையா?

"எனக்கு இருபத்தொன்பது வயசுல ஆரம்பிச்சுது சார். அன்னையிலேர்ந்து ஒருநாள்கூடக் குனிஞ்சு பூட்ஸ் கட்டினதில்ல. கட்டில்ல படுத்துக்கிட்டு, முழங்காலை மடக்கித்தான் கட்டுவேன். என் சம்சாரத்தைக் கேளுங்க."

மேஜரின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "இது நல்ல பதில். மெதுவா இன்னொரு தடவ சொல்லு."

டிரைவர் சொன்னார். மேஜர் ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"கீழ சாட்சின்னு இருக்கு பாரு. அதுல கையெழுத்துப் போடு."

"சாட்சி நீங்கதானே சார் போடணும்?"

டிரைவர் குழப்பத்துடன் தாளைப் பார்த்தார். மேலே மனுதாரர் என்ற இடத்தில் மேஜரின் பெயர் இருந்தது.

"அந்த வண்டியில நானும்தானப்பா இருந்தேன். போன வாரம் என் மனு விசாரணையில இதே கேள்வியெல்லாம் கேட்டாங்க, எனக்கு ஒண்ணுக்கும் பதில் வரல. திங்கக்கெழம மறுபடி வரச் சொல்லியிருக்காங்க," என்றார் மேஜர். "மொதல்ல என் முதுகை அவங்க நம்பட்டும். அப்பத்தானே உன் முதுகுக்கு நான் சொல்ற சாட்சி எடுபடும்?"