உறவுமுறை: தங்கை

அன்று மயானத்தில் இருந்தவர்கள்: நகராட்சி இளையோர் ஆலோசனைக் குழுவின் தலைவி ஜாஸ்மின் ரூபி, குழுவைச் சேர்ந்த தௌலத், மாதேஷ், எரிவாயு தகன மேடையைப் பார்த்துக்கொள்ளும் பெருமாள்சாமி, நான்.

மேடையில் என் மகன்.

அவன் என் மகன் என்பது என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

பூங்காவுக்கும் நூலகத்துக்கும் யோசனை சொல்லத்தான் நகராட்சி அந்தக் குழுவை அமைத்தது. பதினொரு பேர். ஒருவருக்கும் இருபத்தொன்று ஆகவில்லை. அவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. யாரும் உரிமை கோராத உடல்களை அனுப்பிவைப்பது.

மாதேஷ் படிவத்தைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தான்.

"உறவுமுறைன்னு இருக்கு. என்ன போடட்டும்?"

"இந்த வாட்டி என் முறை. தங்கச்சின்னு போடு" என்றாள் ஜாஸ்மின்.

"அவருக்கு நாப்பது இருக்கும். நீ மகள்னு போட்டாத்தான் பொருந்தும்."

"எனக்கு அண்ணன்தான் வேணும். போடுடா."

அவன் போட்டான்.

துணிக்கு வெளியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் காவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"கோயம்புத்தூர் பஸ்ல வந்து இறங்கியிருக்காரு சார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில படுத்தவரு எந்திரிக்கல. நம்ம ஊர்க்காரரான்னு பெரியவங்ககிட்ட காட்டிக் கேக்குறோம்."

தாடி நரைத்திருந்தது. எனக்குப் படத்தை இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"தெரியாது" என்றேன். என்றைக்கு எரிப்பார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

இருபது வருடங்களுக்கு முன் நான் தலைமையாசிரியர். அவன் பன்னிரண்டாம் வகுப்பு. அரசுத் தேர்வின் வினாத்தாள் கட்டு என் பொறுப்பில் இருந்தது. சாவியை என் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். அவனைக் காவல் நிலையத்துக்கு நானே அழைத்துப் போனேன். அவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தேன். அவன் அம்மா இறந்த அன்று தெருமுனை வரை வந்தான். ஆள் அனுப்பித் திருப்பி அனுப்பினேன்.

ஊர் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறது. அதற்கு நான் கொடுத்தது இவ்வளவு.

"பேரு?" என்றான் மாதேஷ்.

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் யாரையும் உள்ளே அனுப்புவதில்லை என்பது குழுவின் தீர்மானம். பெயர் தெரியாதவர்களுக்கு அங்கேயே ஒன்றை வைப்பார்கள்.

"தௌலத் வாயத் தெறக்கக்கூடாது. போன வாட்டி அவங்க மாமா பேர வெச்சு, அவரு ஒரு மாசம் இவன்கூடப் பேசல" என்றாள் ஜாஸ்மின்.

"நல்ல பேருன்னுதான வெச்சேன்!"

சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பெருமாள்சாமி என் பழைய மாணவன். "சார் இருக்கையில நீங்க எதுக்குத் தேடுறீங்க? ஊர்ல பாதிப் பிள்ளைங்களுக்குப் பேரு வெச்சவரு" என்றான்.

ஜாஸ்மின் என் அருகே வந்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் யாரோ ஒரு பெரியவர்.

"ஐயா, நீங்களே ஒரு பேரு சொல்லுங்களேன்."

உலை தயாராக இருந்தது.

இந்தப் பிள்ளைகள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்கள். அதோடு முடிந்துவிடும். என் வீட்டு வாசலுக்கு எதுவும் வராது. அவன் வேறு யாராகவோ எரிந்து போவான்.

"அறவாழி" என்றேன்.

பெருமாள்சாமி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அந்தப் பெயர் தெரியும். கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"சூப்பர் பேருங்க ஐயா. கேள்விப்பட்டதே இல்ல." மாதேஷ் எழுதினான். பேனா நின்றது. "இனிஷியல் நாங்க போடறதில்லீங்க. நீங்க வேணும்னா ஒண்ணு சொல்லுங்க, போட்டுக்கலாம்."

பேனா முனை அந்தப் பெயருக்கு முன்னால், என் எழுத்து வரவேண்டிய இடத்தில், நின்றிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

ஜாஸ்மின் செருப்பைக் கழற்றினாள். அவன் மார்பின் மேல் சூடம் வைத்து ஏற்றினாள். காதருகே குனிந்தாள்.

"அறவாழி அண்ணே. போயிட்டு வாங்க."

தௌலத் கூப்பிட்டான். மாதேஷ் கூப்பிட்டான்.

என்னைப் பார்த்தார்கள்.

நான் முதுகு வளையாமல் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

கதவு இறங்கியது.

இப்போது ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பெருமாள்சாமியிடமிருந்து கிளம்பியிருக்க வேண்டும். யாரோ ஓர் அநாதைக்கு, காணாமல்போன தன் மகனின் பெயரைத் தலைமையாசிரியர் வைத்தாராம். அவ்வளவு பெரிய மனசாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம்.

அந்தப் பேச்சு தவறு.

அந்தப் பெயரை நான் அவனுக்கு வைத்தது முப்பத்தேழு வருடங்களுக்கு முன்பு.