காலி வீட்டில் இரண்டு தட்டு

திரைச்சீலையின் கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

படுக்கையறையில் ஸ்டூல் மேல் நின்றபடியே சிலையாகிவிட்டேன்.

வீடு பார்க்க ஆள் வரும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. அது புரோக்கர் போட்ட சட்டம். காலி வீட்டில் வாடகை சோஃபா, வாடகைக் கட்டில், பிளாஸ்டிக் பழம் எல்லாம் கொண்டுவந்து போட்டு, யாரோ சந்தோஷமாகக் குடியிருப்பது போல ஜோடிப்பது என் வேலை. ஜோடித்தவளே மூலையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றால், வாங்க வருகிறவர்களுக்கு வீட்டின் மேல் ஆசை விட்டுப்போகுமாம்.

இந்த நாலாவது மாடி வீடு ஐந்து மாதமாக விலை போகவில்லை. இன்று பதினோரு மணிக்கு ஒரு நல்ல பார்ட்டி வருகிறது, இதுவும் தட்டிப்போனால் அடுத்த வீட்டுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில்தான் புரோக்கர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மணி பத்தரைகூட ஆகவில்லை. வந்திருப்பது வேறு யாரோ.

“நிதானமாப் பாருங்க, நான் கீழ இருக்கேன்” என்று புரோக்கர் சொன்னார். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. எதையும் பார்க்க முடியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டேன்.

வாங்க வருகிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது பதினோரு வருடத்தில் எனக்கு அத்துப்படி. குழாயைத் திறப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். மழைக்கு ஒழுகுமா என்று அண்ணாந்து பார்த்து, பார்த்த இடத்திலேயே சண்டை போடுவார்கள்.

இவர்கள் குழாய்ப் பக்கமே போகவில்லை.

ஒரு நாற்காலி இழுபட்டது. அப்புறம் இன்னொன்று.

சாப்பாட்டு மேசையில் எப்போதும் நாலு தட்டு வைப்பேன். இரண்டின் விளிம்பு உடைந்துவிட்டதால் இன்று இரண்டுதான். அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலிக் கிண்ணத்தில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது.

பரிமாறுகிறார்களாம்!

ஒரு பெண் சிரித்தாள். ரொம்ப நாளாக அடக்கிவைத்திருந்தது மடை திறந்த மாதிரி ஒரு சிரிப்பு. யார் பெற்ற பெண்ணோ, என்ன அழகாகச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வாயெல்லாம் பல்.

ஆண் குரல் ஏதோ முணுமுணுத்தது.

“இங்கயும் எதுக்குக் கிசுகிசுன்னு பேசுற? இங்கதான் யாருமே இல்லையே, சத்தமாத்தான் பேசேன்!” என்றாள் அவள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று வீடு அதிரக் கேட்டான்.

நான் சத்தமில்லாமல் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர்கள் வீடு வாங்க வந்தவர்கள் இல்லை. இந்த வீட்டின் வாசல் கதவைக்கூட இவர்களால் வாங்க முடியாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அடுத்தவர் காதில் விழாமல் நாலு வார்த்தை. அதற்குத்தான் வந்திருக்கிறார்கள்.

மடியில் போன் அதிர்ந்தது. புரோக்கரின் செய்தி. நல்ல பார்ட்டி முன்னதாகவே வந்துவிட்டதாம். உள்ளே இருக்கும் இரண்டு பேரையும் கிளப்பிவிட்டு அவர்களை மேலே கூட்டி வருகிறாராம்.

வராதீர்கள் என்று எழுதினேன். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், திரைக் கம்பி கையோடு வந்துவிட்டது, படுக்கையறை அலங்கோலமாகக் கிடக்கிறது, அரை மணி நேரம் கொடுங்கள்.

கம்பி கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தது. பதினோரு வருடத்தில் நான் கேட்ட முதல் அவகாசம் அது.

வெளியே, ஜோடிப்புக்கு நான் வைத்திருந்த அட்டை டி.வி.யில் எந்தச் சேனல் வைப்பது என்று சண்டை நடந்தது. அப்புறம் சண்டை நின்று, பேச்சும் நின்றது. அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

அவர்கள் போனபோது மணி பதினொன்றேகால். நல்ல பார்ட்டி காத்திருக்கவில்லை. புரோக்கர் மேலே வந்து, திடமாக நிற்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினார். அடுத்த வீட்டுக்கு நான் வர வேண்டாமாம். சனிக்கிழமைக்குள் சாமானை எல்லாம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

சரி என்றேன். வருத்தம்தான். ஆனாலும் மேசையைத் துடைக்கப் போனவள் சிரித்துவிட்டேன். பிளாஸ்டிக் ஆப்பிளில் பல் தடம். அதைத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேசை போட்டால் எங்கள் வீட்டில் கதவு திறக்காது. ஒரே அறை, நடுவில் நான் தைத்த திரை. அழகாகத்தான் தைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும்.

என் மகன் குனிந்து மருமகளின் காதோடு காதாகக் கேட்டான், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று.

வேண்டாம் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் கைப்பையைத் திறந்து, சாவியையும் ஆப்பிளையும் அவர்கள் இரண்டு பேர் தட்டுக்கும் நடுவில் வைத்தேன்.

“சனிக்கிழமை வரைக்கும் சாவி நம்மகிட்டதான். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பசிச்சா நெஜப் பழமா வாங்கிட்டுப் போங்கம்மா, இது வாடகைச் சாமான்.”

மகன் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

மருமகள் ஆப்பிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரையேறியது. அப்புறம் சிரித்தாள், காலையில் சிரித்த அதே சிரிப்பு. கல்யாணமாகி மூன்று மாதத்தில் எங்கள் வீட்டுக்குள் அது கேட்டது அதுதான் முதல் முறை.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

தட்டிக்கொள்ளட்டும்.